நாலு செகண்ட்

ஜூன் 4

சின்னவளுக்கு,

போன் இருக்கும்போது இவ எதுக்குக் கடுதாசி எழுதறான்னு சிரிக்காதே. காரணம் இருக்கு. எங்க கம்பெனியில எல்லார் போன்லயும் ஒரு ஆப் ஏத்திட்டாங்க. வருகை, லீவு, சம்பளச் சீட்டு எல்லாம் அதுலதானாம். ஏத்தலைன்னா கேட்டுக்குள்ள விட மாட்டாங்க. ஏத்தும்போது அது மைக்கைக் கேட்டுச்சு, குடுத்தேன். போட்டோவைக் கேட்டுச்சு, குடுத்தேன். இப்போ வீட்டுல நாம பேசறதைக்கூட அது கேக்குதுன்னு கண்ணாடிக்காரி சொல்றா. என் பக்கத்து மெஷின்காரிதான், மூக்குல எப்பவும் கண்ணாடி, வாயில எப்பவும் புரளி. நிஜமோ பொய்யோ, நான் போனை அரிசி டப்பாவுக்குள்ள போட்டு மூடிட்டுத்தான் உங்க மாமாகிட்டயே சண்டை போடறேன்.

விஷயத்துக்கு வர்றேன். ஷெட்டுல கூரையிலேர்ந்து கேமரா தொங்க விட்டிருக்காங்க. மெஷினுக்கு ஒண்ணு. அறுபது மெஷின், அறுபது கேமரா. எதுக்குன்னு கேட்டா, "எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தாம்மா"ங்கறான் விசில். எங்க சூப்பர்வைசர். கழுத்துல என்ன தொங்குதோ அதுவே அவனுக்குப் பேராயிடுச்சு. ஆனா ஆபீஸ் பியூன் சொல்றது வேற. தானா கம்பி சுத்துற மெஷின் வரப்போகுதாம். அறுபது பேர் செய்யறதை இருபத்திரண்டு பேரை வெச்சே முடிச்சுடலாமாம். அந்த இருபத்திரண்டு யாருன்னு இந்தக் கேமரா மூணு மாசம் பாத்துட்டுச் சொல்லுமாம்.

பதினாறு வருஷமா தண்ணி மோட்டாருக்குக் கம்பி சுத்தறேன். ஒருத்தன் ஒரு குறை சொன்னதில்லை. ஆனா இப்போ ஷெட்டு வாசல்ல கால் வைக்கும்போதே கண்ணு கேமராவுக்குத்தான் போகுது. உங்க மாமாவுக்கு முதுகு போனதுலேர்ந்து இந்த வீட்டுல வேலைக்குப் போறது நான் ஒருத்திதான். நாப்பத்தி மூணு வயசுல என்னை வெளிய அனுப்பிட்டா அப்புறம் எவன் எடுப்பான்?

கிளம்பற அன்னிக்கு நீ சொன்னதை நான் மறக்கலை. "உன்னை மாதிரி கம்பி சுத்திட்டே சாக நான் பொறக்கலை"ன்னே. நானும் "போ, திரும்பி இந்த வாசலை மிதிக்காதே"ன்னேன். ரெண்டு பேருக்குமே வாய் நீளம். போகட்டும் விடு. ஆனா ஒன்றரை வருஷமாச்சு, என்ன வேலை பாக்கறேன்னு கேட்டா மட்டும் மென்னு முழுங்கறே. கம்ப்யூட்டர் வேலை, கம்ப்யூட்டர் வேலைன்னா என்னடி அர்த்தம்? உனக்கு இந்தக் கேமரா விவகாரமெல்லாம் தெரியுமான்னு கேக்கத்தான் எழுதறேன். தெரிஞ்சா சொல்லு.

உன் அக்கா

*

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் ஹாஸ்டல் படிக்கட்டுல உக்காந்து அழுதுட்டேன். அன்னிக்கு நான் சொன்னது ரொம்பத் தப்பு. எழுதிக் கேக்கறது சுலபமா இருக்கு, நேர்ல வந்தா வாய் வராது. அதனால இப்பவே கேட்டுடறேன். மன்னிச்சுடு.

என் வேலையைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க. அது ஒரு காரணம். இன்னொண்ணு வெக்கம். பெரிய வேலைன்னு பீத்திக்கிட்டு வந்தேன் இல்லையா? இங்க நான் செய்யறது படம் பாக்கறதுதான். எங்கேயோ இருக்கற ஃபேக்டரிகள்ல எடுத்த வீடியோ, இருபது இருபது செகண்ட் துண்டா வரும். அதுல இருக்கற ஆள் என்ன பண்றாங்கன்னு பாத்து நாலு பட்டன்ல ஒண்ணை அழுத்தணும். வேலை, நடை, பேச்சு, சும்மா. ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு துண்டு. நாங்க அழுத்தறதைப் பாத்துப் பாத்து கம்ப்யூட்டர் தானா கத்துக்குமாம். நாப்பது பேர் ஒரே ஹால்ல உக்காந்திருக்கோம். ஊரு பேரு, கம்பெனி பேரு எதுவும் எங்களுக்குத் தெரியாது. என்ன மெஷின்னுகூடத் தெரியாது, மேலேர்ந்து பாத்தா ஏதோ சுழலும், அவ்வளவுதான்.

ஆளுங்க முகத்தை மறைச்சுதான் அனுப்புவாங்க. தொப்பியும் சாம்பல் கோட்டும் மட்டும் தெரியும். அதனால பொழுது போக நாங்களே பேர் வெச்சுப்போம். எனக்கு ஒரு ஷெட்டுல பத்து மெஷின் ஒதுக்கியிருக்காங்க. ஒருத்தர் டான்ஸ் மாஸ்டர். ஒருத்தி ஊஞ்சல், உக்காந்த இடத்துல ஆடிட்டே இருப்பா. பதினாலாம் நம்பர்ல ஒரு அம்மா, அவங்களுக்கு நான் வெச்ச பேரு தியானம். கையை மடியில வெச்சுட்டு, தலையை மெஷின் மேல சாச்சுட்டு, அப்படியே இருப்பாங்க. ஒரு நாள் கூரையிலேர்ந்து தொப்புன்னு ஒரு பூனை விழுந்துச்சு பாரு, மொத்தக் கூட்டமும் தலைதெறிக்க ஓடுது, தியானம் மட்டும் அசையணுமே! சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறே வலிச்சுப் போச்சு. அவங்களுக்கு 'சும்மா' போட்டுப் போட்டே எனக்குக் கை ஓய்ஞ்சு போச்சு. இந்த மாசம் 'சும்மா'வைத் தப்பாமப் பிடிச்சதுல நான்தான் முதல் ஆள். எங்க டீம் லீடர் எல்லார் முன்னாடியும் எனக்குக் கைதட்டச் சொன்னார்.

உங்க ஷெட்டுல வெச்சிருக்கறதும் இந்த மாதிரிதான் இருக்கும். நீ வீணா பயப்படாதே அக்கா. நூத்துக்கணக்கான ஃபேக்டரியில வெச்சிருக்காங்க. ஒழுங்கா வேலை செய்யறவங்களுக்கு இதனால ஒண்ணும் ஆகாது. சும்மா இருக்கறவங்கதான் மாட்டுவாங்க. நீயாவது சும்மா இருக்கறதாவது!

மாமா முதுகுக்கு டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்யறாரா?

உன் தங்கை

*

ஜூன் 17

தியானம் எழுதறேன்.

மே மாசம் இருபதாம் தேதி, சாப்பாட்டு மணி அடிக்கக் கொஞ்சம் முன்னாடி, எங்க ஷெட்டு கூரை ஷீட் உடைஞ்ச இடம் வழியா ஒரு பூனை விழுந்துச்சு. இந்தப் பதினாறு வருஷத்துல அந்த ஒரு பூனைதான் விழுந்திருக்கு. பதினாலாம் நம்பர் மெஷின் என்னோடது.

நான் ஏன் ஓடலைன்னு சொல்றேன், கேட்டுக்கோ. கம்பி மேல ஒரு பூச்சு இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அது எங்கயாவது உரிஞ்சிருந்தா மோட்டார் உடம்பு பூரா கரண்ட் பாயும். தண்ணி இறைக்கப் போறவன் கையை வெச்சா அதோட சரி. உரிஞ்ச கம்பி சுத்தும்போது மெஷின் சத்தம் லேசா மாறும். காதைக் குடுத்துக் கேட்டாத்தான் தெரியும். கை கம்பியில இருந்தா அந்தச் சத்தம் அமுங்கிடும், அதனாலதான் மடியில வெச்சுப்பேன். கால் பெடல்ல இருக்கும். அது உனக்கு மேலேர்ந்து தெரியாது. பூனை விழுந்தப்போ நான் கேட்டுக்கிட்டிருந்தேன். அந்தக் காயில்ல, அதான் சுத்தின கம்பிச் சுருள்ல, பூச்சு உரிஞ்சிருந்துச்சு. தூக்கிப் போட்டேன். அதுவும் அடுத்த துண்டுல வந்திருக்கணுமே, பாக்கலையா நீ?

போன திங்கக்கிழமை போர்டுல எண் ஒட்டினாங்க. பதினாலு: சும்மா, ஒரு நாளைக்கு நாப்பத்தோரு நிமிஷம். சிவப்பு மையில. அறுபது பேர்ல கடைசியிலேர்ந்து மூணாவது ஆள் நான். விசில் என்னைப் போர்டு முன்னாடி நிறுத்தி, "என்னம்மா, வீட்டுல தூக்கம் பத்தலையா?"ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. கண்ணாடிக்காரியும் சிரிச்சா. இந்த நாப்பத்தோரு நிமிஷம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்குப் புரியவே இல்லை. யாரோ பழி வாங்கறாங்கன்னு நினைச்சேன். விசிலுக்கும் எனக்கும் என்ன பகைன்னு யோசிச்சு யோசிச்சு மண்டை காய்ஞ்சுது. உன் கடுதாசி வந்ததும் புரிஞ்சுது.

கோவத்தை அப்புறம் படறேன். இப்போ பயம்தான் முன்னாடி நிக்குது. இன்னும் ரெண்டு மாசத்துல பட்டியல் போடுவாங்க. நீயே பட்டனை அழுத்தறவளாச்சே, என் நம்பர் வந்தா 'வேலை'ன்னு ஒரு அழுத்து அழுத்தக் கூடாதா? அது ஒண்ணும் பொய் இல்லையேடி. நான் செய்யறது வேலைதான்.

அக்கா

*

ஜூன் 22

அக்கா,

ரெண்டு தாளைக் கிழிச்சுப் போட்டுட்டேன். நீ வேலை செய்யற இடத்துக்கு நான் ஒரு நாள்கூட வந்ததில்லை. வந்திருந்தா நீ தலையைச் சாய்க்கறதை வெச்சே கண்டுபிடிச்சிருப்பேன். உன்னைப் பாத்து நான் சிரிச்சிருக்கேன்க்கா. ஒரு மாசமா தினமும்.

நீ கேட்ட மாதிரியே உன் கடிதம் கிடைச்ச அன்னிக்கே உன்னோட மூணு துண்டுக்கு 'வேலை' போட்டேன். ஆனா ஒவ்வொரு துண்டையும் ரெண்டு பேர் பாப்போம். இன்னொருத்தர் யாருன்னு தெரியாது. அவர் 'சும்மா' போட்டிருந்தார். ரெண்டும் ஒத்துப்போகலைன்னா லீடருக்கு மணி அடிக்கும். லீடர் வந்து என் நாற்காலிக்குப் பின்னாடி நின்னுட்டார். "என்ன, கண்ணு டெஸ்ட் பண்ணணுமா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டார். காதால கேக்கறதும் வேலையா இருக்கலாம் இல்லையா சார்னு சொல்லிப் பாத்தேன். "ரூல் புத்தகத்துல இருக்கா?"ன்னார். இல்லை. கைதான் கணக்கு அக்கா. காது கணக்குலயே இல்லை.

ரூல் என்னன்னு சொல்றேன். வெளிய சொன்னா வேலை போறது மட்டுமில்லை, கேஸும் போடுவாங்க. கை நாலு செகண்டுக்கு மேல அசையாம இருந்தா 'சும்மா'. அசைஞ்சா 'வேலை'. அவ்வளவுதான். என்ன செய்யுதுன்னு யாரும் பாக்கறதில்லை, அசையுதான்னுதான் பாக்கறோம்.

அதனால நீ கேக்கும்போது கேளு, ஆனா ஒரு கையை அசைச்சுக்கிட்டே இரு. சுத்தற இடத்துக்குப் பக்கத்துல, கம்பியை நீவி விடற மாதிரி. மூணு செகண்டுக்கு ஒரு தடவை போதும். யார் பாத்தாலும் 'வேலை'ன்னுதான் போடுவாங்க. நானும் தைரியமா போட முடியும்.

படிச்சதும் இதைக் கிழிச்சுடு. கெஞ்சிக் கேக்கறேன்.

உன் தங்கை

*

ஜூலை 3

சின்னவளே,

நாப்பத்தொண்ணு போய் ஒன்பது ஆயிடுச்சு! போர்டுல கறுப்பு மையில ஒட்டியிருக்காங்க. விசில் என்னைப் பாத்து, "தூக்கம் தெளிஞ்சிடுச்சு போலிருக்கே"ன்னான். பல்லைக் கடிச்சுக்கிட்டு சிரிச்சேன்.

உன் கடுதாசியைக் கிழிச்சுட்டேன், கவலைப்படாதே.

கண்ணாடிக்காரிகிட்ட மட்டும் ரகசியமா சொன்னேன். திட்டாதே. அவ நம்பர் முப்பதுக்கு மேல போயிட்டிருந்துச்சு, கேன்டீன்ல உக்காந்து அழுதா, மனசு கேக்கலை. ரூல் எங்கேர்ந்து தெரிஞ்சுதுன்னு சொல்லலை. ஆனா அவகிட்ட ஒண்ணைச் சொல்றதும் மைக் வெச்சுச் சொல்றதும் ஒண்ணுதான். ஒரே வாரத்துல அறுபது பேரும் கையை ஆட்டறாங்க. கம்பி மாட்டறதுக்கு முன்னாடி ஒரு ஆட்டு, மாட்டினப்புறம் ஒரு ஆட்டு. ஒருத்தி தும்மும்போதுகூட ஒரு கையை விடாம ஆட்டறா. வேலை இல்லாதவன் ஈ ஓட்டுவான்னு சொல்லுவோம், நாங்க வேலையைக் காப்பாத்திக்க ஈ ஓட்டறோம். மேலேர்ந்து பாக்க உனக்கு நல்லா சிரிப்பா இருக்கும்.

எனக்குத்தான் சிரிப்பு வரலை. கையை ஆட்டிக்கிட்டே காது குடுக்க முடியலைடி. மனசு கைக்குப் போயிடுது. ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிக்கிட்டே இருக்கேன். நேத்து ரெண்டு காயிலை சந்தேகத்தோடயே அனுப்பிட்டேன். அது எந்த வீட்டுக் கிணத்துக்குப் போகுதோ. டெஸ்டிங்ல பிடிச்சுடுவாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கறேன்.

இன்னொண்ணு. கம்பி சுத்தற அச்சு விரலுக்கு ரொம்பப் பக்கத்துல ஓடுது. முந்தாநாள் கோட்டுக் கை நுனியைப் பிடிச்சு இழுத்துச்சு. பொத்தான் தெறிச்சு எங்கேயோ போய் விழுந்துச்சு. பொத்தான்தானே போச்சுன்னு கண்ணாடிக்காரி சொன்னா. நான் கோட்டுக் கை ரெண்டையும் முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டுக்கிட்டேன். பயமாத்தான் இருக்கு. ஆனா அந்தப் போர்டைப் பாத்தா இதைவிடப் பயமா இருக்கு, என்ன பண்ணச் சொல்றே?

உன் அக்கா

*

ஜூலை 9

அக்கா,

அவசரமா எழுதறேன். மதிய இடைவேளையிலேயே தபால்ல போட்டுடுவேன்.

கையை ஆட்டறதை உடனே நிறுத்து. இன்னிக்குக் காலையில லீடர் உங்க ஷெட்டைப் பாக்கற எங்க பன்னெண்டு பேரைக் கூப்பிட்டு அந்தப் படத்தைப் பெரிய திரையில போட்டுக் காட்டினார். எல்லாக் கையும் ஆடுது. "இவங்க நம்மளை முட்டாளாக்கறாங்க, யாரோ ரூலை வெளிய சொல்லியிருக்காங்க"ன்னார். ஒவ்வொருத்தர் முகமா பாத்தார். நான் மேஜையைப் பாத்துக்கிட்டிருந்தேன். இனிமே அஞ்சாவதா ஒரு பட்டன். 'தேவையில்லாத அசைவு'. அது 'சும்மா'வைவிட மோசம், ரெண்டு மடங்கு கழிப்பாங்க.

அதுக்காக மட்டும் சொல்லலை. பொத்தான் தெறிச்சுதுன்னு எழுதியிருந்தியே, அதைப் படிச்சதிலேர்ந்து எனக்குச் சாப்பாடு இறங்கலை. அது நான் சொல்லிக் குடுத்த அசைவு. நம்பர் ஏறினா ஏறட்டும். நீ பழைய மாதிரி கையை மடியில வெச்சுக்கோ. தயவுசெஞ்சு.

போன்ல சொல்லலாம்னு நாலு தடவை எடுத்தேன். உன் ஆப்பை நினைச்சுப் பயந்து வெச்சுட்டேன். நாலு நாள்ல இது உன் கைக்கு வந்துடும்.

தங்கை

*

ஜூலை 14

அக்கா,

எதைப் பத்தியும் கவலைப்படாம நேத்து போன் பண்ணிட்டேன். மாமாதான் எடுத்தார். சனிக்கிழமை நடந்ததாம், வலது கை, ரெண்டு விரல்னு சொன்னார். உன்கிட்டக் குடுங்கன்னேன். பின்னாடி உன் குரல் கேட்டுச்சு, "அவகிட்ட நான் பேசலைன்னு சொல்லு"ன்னு. மாமா, நீ தூங்கறதா சொன்னார்.

நீ பேச வேண்டாம். நான் எழுதறேன், நீ படிச்சா போதும். படிக்கலைன்னாலும் சரி. ஆட்டாதேன்னு நான் எழுதின கடிதம் இன்னிக்கு, திங்கக்கிழமைதான் வந்து சேந்திருக்கும். ரெண்டு நாள். ரெண்டே நாள் அக்கா. நான் அந்த போனை வெக்காம இருந்திருந்தா.

மாமா எல்லாத்தையும் விவரமா சொன்னார். எனக்கு நினைச்சுப் பாக்கவே முடியலை. கம்பி விரலைச் சுத்தி இழுக்கும்போதும் நீ பதறாம, இடது கையை நீட்டி நீயே சுவிட்சை அணைச்சியே, அந்த நிதானம் வேற யாருக்கும் வராது. இல்லைன்னா கையே போயிருக்கும்.

லீவு கேட்டிருக்கேன். குடுக்க மாட்டேங்கறாங்க. நான் வரட்டுமா? நீ ஒரு வார்த்தை சொன்னா வந்துடறேன்.

தங்கை

*

ஜூலை 24

இடது கையால எழுதறேன். கோழி கிளறின மாதிரி இருக்கும். புரியாட்டி ரெண்டு தடவை படி.

வர வேண்டாம்.

ஆள்காட்டி விரலும் நடு விரலும் பாதிக்கு மேல இல்லை. தையல் பிரிச்சாச்சு. இல்லாத விரல் நுனியில அரிக்குது, சொறியப் போனா ஒண்ணும் இல்லை. சோறு பிசைய முடியலை. ஸ்பூன்ல சாப்பிடறேன். குழந்தை மாதிரி சிந்தறேன். உங்க மாமா அந்தப் பக்கம் திரும்பிக்கறார்.

கம்பெனியிலேர்ந்து ஓலை வந்திருக்கு. "வேலைக்குச் சம்பந்தமில்லாமல் கையை அசைத்து, இயந்திரத்துக்குள் விட்டு, தானே காயத்தை வரவழைத்துக்கொண்டார். அதன் பிறகு முப்பத்தொரு செகண்ட் சும்மா இருந்தார். வீடியோ ஆதாரம் உள்ளது." ஆகஸ்ட் பதினொண்ணு விசாரணை. குத்தம் என்மேலன்னு முடிவானா வேலை இல்லை. வைத்தியமும் என் தலையில. சும்மா இருந்தேனாம். விரல் கீழே கிடக்குது, எடுக்கறதா வேண்டாமான்னு பாத்துக்கிட்டு நின்னேன். அது முப்பத்தொரு செகண்டா? எனக்கு அது ஒரு நாள் மாதிரி இருந்துச்சு.

சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷர். "அறுபது பேரும் எதுக்குக் கையை ஆட்டினீங்கன்னு யாராவது வந்து சொல்லணும், அப்போதான் கேஸ் நிக்கும்"னார். கண்ணாடிக்காரிகிட்டக் கேட்டாராம். "நான் ஆட்டவே இல்லையே சார்"னு சொல்லிட்டாளாம். அவளைக் குத்தம் சொல்ல மாட்டேன். அவளும் அந்த இருபத்திரண்டுல இருக்கணும். மத்தவங்க அவர் வந்தாலே கக்கூஸுக்குள்ள போயிடறாங்க. "எழுத்துல ஏதாவது இருக்காம்மா?"ன்னார். இல்லைன்னேன்.

இருக்கு. உன் கடுதாசியை நான் கிழிக்கலை. பொய் சொன்னேன். நீ எழுதினதைக் கிழிக்க மனசு வரலை, தலைகாணி உறைக்குள்ள வெச்சிருக்கேன். அதைக் குடுத்தா எனக்கு வழி பிறக்கும். உனக்கு வேலை போகும், கேஸ் வரும். அதனால குடுக்கலை. குடுக்கவும் மாட்டேன். உன்மேல கோவம் இல்லைன்னு மட்டும் நினைச்சுக்காதே. நிறைய இருக்கு.

ஒண்ணு கேக்கணும். சுவிட்சை இடது கையால நானே அணைச்சது உனக்கு எப்படித் தெரியும்? உங்க மாமாகிட்ட நான் அதைச் சொல்லவே இல்லை. வேற யாரும் பாக்கலை, எல்லாரும் அவங்கவங்க கையைத்தான் எண்ணிக்கிட்டிருந்தாங்க.

நீ பாத்திருக்கே. சரி. அந்த ஓலையில இருக்கே, தேவையில்லாத அசைவு, சும்மான்னு. அந்த ரெண்டு பட்டனையும் அழுத்தினது யாரு?

அக்கா

*

ஜூலை 30

அக்காவுக்கு,

நான்தான்.

பொய் சொல்லி ரெண்டு வாரம் தள்ளிட்டேன். இனிமே முடியலை. ஜூலை பன்னெண்டாம் தேதி, காலை பதினொரு மணி இருக்கும், பதினாலாம் நம்பர் வந்துச்சு. நீ தலையைச் சாச்சே. வலது கை நான் சொல்லிக் குடுத்த மாதிரியே நீவுச்சு. மூணாவது தடவை கம்பி பிடிச்சு இழுத்துடுச்சு. எங்களுக்குச் சத்தம் வராது. லீடர் என் நாற்காலிக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தார், ரூலை வெளிய விட்டது யாருன்னு அந்த வாரம் பூரா எங்க பின்னாடியே சுத்திட்டிருந்தார். நான் கத்தியிருந்தா, எழுந்திருச்சிருந்தா, "இது எங்க அக்கா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவருக்குப் புரிஞ்சிருக்கும். அந்தப் பயத்துல அஞ்சாவது பட்டனை அழுத்தினேன்.

அடுத்த துண்டு வந்துச்சு. நீ நின்னுக்கிட்டிருந்தே. கை அசையலை. அது உன் கைன்னு தெரிஞ்சுதான் பாத்தேன். நாலு செகண்ட் எண்ணினேன். 'சும்மா'வை அழுத்தினேன். அடையாளம் தெரியாத அந்த இன்னொருத்தரும் அதையே அழுத்தியிருந்தார். ரெண்டும் ஒத்துப்போச்சுன்னு பச்சை விளக்கு வந்துச்சு. அன்னிக்கு மீதித் துண்டையெல்லாம் சாயங்காலம் வரைக்கும் உக்காந்து முடிச்சேன் அக்கா. ஆயிரத்து இருநூறையும். ஒண்ணுகூட விடலை. எப்படி முடிஞ்சுதுன்னு எனக்கே தெரியலை. என்னை நினைச்சா எனக்கே பயமா இருக்கு.

கம்ப்யூட்டர் கத்துக்கிச்சுன்னு இங்க நாப்பது பேர்ல முப்பத்தஞ்சு பேரை நேத்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மூட்டை கட்டக்கூட நேரம் குடுக்கலை. என்னை வெச்சுக்கிட்டாங்க. 'சும்மா'வைத் தப்பாமப் பிடிக்கறவளாச்சே. சம்பளமும் ஏத்தறாங்களாம். லீடர் கை குலுக்கினார்.

இனிமே எழுதறது உனக்கு மட்டும் இல்லை. செயலாளர் சாருக்கும், விசாரணை அன்னிக்கு அங்க உக்காரப் போறவங்களுக்கும்.

கை நாலு செகண்ட் அசையலைன்னா 'சும்மா'ன்னு குறிக்கச் சொன்னது கம்பெனி குடுத்த ரூல். காதால மெஷினைக் கேக்கறதுக்கு அதுல இடமில்லை. அப்படிக் கேக்கறதுதான் அந்தத் தொழிலாளியோட வேலைன்னு நான் என் லீடர்கிட்டச் சொன்னேன், அவர் ஏத்துக்கலை. 'சும்மா'ன்னு விழாம இருக்கக் கையை அசைக்கச் சொன்னது நான். ஜூன் 22 தேதியிட்ட கடிதம் என் கையெழுத்துதான். காயம் பட்டப்புறம் அவங்க முப்பத்தொரு செகண்ட் சும்மா இருக்கலை. தன் விரலைப் பாத்துக்கிட்டு நின்னாங்க. அதுக்கு எங்ககிட்ட பட்டன் இல்லை.

என் பேரும் வேலை எண்ணும் போட்ட தாளைத் தனியா இணைச்சிருக்கேன். ரெண்டு கடிதத்தையும் செயலாளர்கிட்டக் குடு அக்கா. பதினொண்ணாம் தேதி காலையில நானே வர்றேன். லீவு கேக்கப் போறதில்லை, நேரா பஸ் ஏறிடுவேன். உள்ள விட மாட்டாங்கன்னு தெரியும், வாசல்ல யாரையாவது நிறுத்தி வைக்கச் சொல்லு. கேஸ் போடுவாங்களோ, என்ன செய்வாங்களோ, தெரியலை. ஆனாலும் வர்றேன்.

தங்கை

*

ஆகஸ்ட் 4

சின்னவளே,

உன் கடுதாசியை உங்க மாமாகிட்டக் குடுத்துச் சத்தமா படிக்கச் சொன்னேன். பாதியில அவர் தாளை என்கிட்டயே நீட்டிட்டார். மீதியை நானே படிச்சுக்கிட்டேன்.

ரெண்டையும் செயலாளர்கிட்டக் குடுத்தாச்சு. நீ சொன்னதுக்காகக் குடுக்கலை. அறுபது பேர்ல அம்பத்தொன்பது பேரும் வாயை மூடிக்கிட்டாங்க, எனக்கு வேற வழி இல்லை. அவர் வக்கீல் ஒருத்தர்கிட்டப் பேசியிருக்கார். உனக்கு என்ன வரும்னு கேட்டேன். "சொல்ல முடியாதும்மா"ன்னார். நல்லா யோசிச்சுக்கோ. பஸ் ஏறற வரைக்கும் நீ மனசு மாறலாம். மாறினா நான் ஏன்னு கேக்க மாட்டேன். பயம்னா என்னன்னு எனக்குத் தெரியும்.

வந்தா, பஸ் ஸ்டாண்டுல ஆட்டோக்காரன் அதிகமா கேப்பான், நடந்தே வந்துடலாம், கால் மணி நேரம்தான். பெரிய கேட்டுக்கு வராதே. பின் கேட்டுல செயலாளர் நிப்பார். உள்ள வந்ததும் என்னைக் கட்டிப் பிடிச்சு அழற வேலையெல்லாம் வேண்டாம். என் பக்கத்துலயும் உக்காராதே. மேஜைக்கு அந்தப் பக்கம், எனக்கு நேர் எதிர்ல உக்காரு. நீ எழுதினதையெல்லாம் அவங்களுக்கு வாயால சொல்லணும். ரூல், லீடர், எல்லாத்தையும் அவங்களைப் பாத்துச் சொல்லு. அந்த ரெண்டாவது பட்டனை, 'சும்மா'வை, அழுத்தினேன்னு சொல்ற இடம் வரும் பாரு, அதை மட்டும் என்னைப் பாத்துச் சொல்லு.

அன்னிக்கு முடிஞ்சதும் நீ வீட்டுக்கு வர்றதா, அப்படியே திரும்பிப் போறதான்னு நான் சொல்றேன். என்ன சொல்லப் போறேன்னு இப்போ எனக்கும் தெரியாது.

அக்கா